துளசிச் செடிக்குக் கீழே

போன இதழில் நார்த்தங்காய் ஊறுகாய் பற்றி எழுதியதற்கு எத்தனை கடிதங்கள்! உப்பு எத்தனை கைப்பிடி என்று கேட்டிருக்கும் சகோதரிகளுக்கு அடுத்த இதழில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தடவை ஒரே ஒரு கடிதத்துக்குத்தான் பதில். வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒரு இளம் தாய் எழுதியிருக்கிறார். மூன்று வயதுப் பெண் குழந்தையைத் தத்து எடுத்து வளர்க்கிறாராம். "அவளிடம் சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால், பெரியவளானதும் பெற்றவளைத் தேடிக்கொண்டு போய்விட மாட்டாளா?" என்று கேட்டிருக்கிறார்.

உங்களுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு உரிமை உண்டம்மா. என் மகளும் நான் பெறாத பெண்தான். இந்தப் பக்கத்தில் அவளுடைய பரீட்சை, பல்வலி, சமையல் கூத்து எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன், இதை மட்டும் எழுதினதில்லை. இப்போதும் அவளைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதேம்மா" என்றாள்.

கல்யாணமாகி ஏழு வருஷம் கோயில், டாக்டர், விரதம் என்று அலைந்துவிட்டு, 2005 பங்குனியில் அவளை ஸ்ரீபெரும்புதூருக்குத் தூக்கி வந்தோம். ஐந்து மாதக் குழந்தை. என் மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "வளத்துக்கோ, வேண்டாங்கல. ஆனா அவகிட்ட சொல்லாதே. சொன்னா ஒட்டாது." பிற்பாடு அவரிடம்தான் குழந்தை அதிகம் ஒட்டிக்கொண்டது, அது வேறு கதை.

சொல்லாமல் இருக்க எனக்குப் பயம். எங்கள் சொந்தத்திலேயே ஒரு பையனுக்கு, அவனுடைய கல்யாணப் பந்தியில் யாரோ ஒரு சித்தப்பா வாய் தவறிச் சொல்லி, மாப்பிள்ளைக் கோலத்தில் அவன் எழுந்து போய் மாடியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். விஷயத்தைவிட, ஊருக்கே தெரிந்தது தனக்குத் தெரியவில்லையே என்பதுதான் அவனைச் சுட்டது.

எனக்கு ஆண்டாள் துணைக்கு வந்தாள். ஆடிப்பூரத்தன்று ஆதிகேசவப் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பெரியாழ்வார் துளசிச் செடியின் கீழே குழந்தையைக் கண்டெடுத்த கதையைச் சொன்னேன். அவளுக்கு அப்போது நாலு வயசு. "என்னையும் துளசிச் செடிக்குக் கீழதான் எடுத்தியா?" என்று அவளே கேட்டாள். "உன்னை ஒரு இல்லத்துல இருந்து எடுத்தேன் கண்ணு. அங்க துளசிச் செடியும் இருந்துச்சு" என்றேன். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் அவளே பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ஆகையால் வாலாஜாபாத் சகோதரியே, மூன்று வயசு ஒன்றும் சின்ன வயசில்லை.

ஒரு பயத்தை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சென்னைக் குடிசைப் பகுதிகளிலிருந்து திருடப்பட்ட குழந்தைகள் ஒரு தத்து அமைப்பு வழியாக ஆஸ்திரேலியா, நெதர்லாந்து என்று போய்ச் சேர்ந்திருக்கின்றன என்ற செய்தி 2005-ல் பேப்பரில் வந்தது. குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தாய் போட்டோவை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். என் மடியில் இருப்பதும் அப்படி ஒருத்தி வயிறெரிந்து தேடுகிற பிள்ளையோ? அன்றைக்கு அடுப்பு மூட்டவே கை வரவில்லை. இவர் இல்லத்துக்கு ஓடிப்போய், பெற்றவள் குழந்தைகள் நலக் குழு முன்னால் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்த பத்திரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். இருந்தது. மனசு மாறினால் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்குக் கொடுத்த இரண்டு மாத அவகாசமும் கழிந்திருந்தது. அதற்கப்புறம்தான் எனக்குத் தூக்கம் வந்தது.

எல்லோருக்கும் அந்த நிம்மதி கிடைக்கவில்லை. 1970-களில் வறுமையால் சென்னையில் ஒரு இல்லத்தில் விடப்பட்ட பிள்ளை டென்மார்க்குக்குத் தத்துப் போனான். பிற்பாடு தேடிவந்த தாய்க்குப் பிள்ளை கடல் தாண்டிப் போய்விட்டான் என்ற பதில்தான் கிடைத்தது. அவர் பெரியவராகி, ஒரு பழைய போட்டோவை வைத்துக்கொண்டு பல வருஷம் தேடி, 2019-ல் அம்மாவைக் கண்டுபிடித்தார். ஒருவர் பாஷை மற்றவருக்குத் தெரியாது. அழுகைக்குப் பாஷை வேண்டியிருக்கவில்லை.

வெளிநாட்டில் வளர்ந்த சிலர் எச்சிலை அனுப்பி டி.என்.ஏ. பரிசோதனையிலும் உறவு தேடுகிறார்கள். ஆனால் பெற்றவள் பக்கத்திலும் யாராவது கொடுத்திருந்தால்தானே பொருந்தும்? செங்கல் சூளையில் வேலை செய்கிறவள் எங்கே போய்க் கொடுப்பாள்?

செங்கல் சூளை என்று ஏன் சொன்னேன் என்றால், எங்களிடம் கொடுத்த குழந்தை பற்றிய அறிக்கையில் அப்படித்தான் இருந்தது. 'தாய்: வயது 19, ஒரகடம் அருகே செங்கல் சூளைத் தொழிலாளி. பிறந்தபோது எடை 1 கிலோ 900 கிராம்.' கோர்ட் உத்தரவு, தத்துப் பத்திரம், மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் சேர்த்து என் கூறைப்புடவைக்கு அடியில் வைத்திருந்தேன். நீங்களும் ஒரு தாளைக்கூடத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

2024-ல் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேரும்போது மருத்துவப் பரிசோதனை. பாரத்தில் ஒரு கட்டம்: பெற்றோர், தாத்தா பாட்டிக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா உண்டா?

"அம்மா, இங்க உன் சுகரை எழுதிடட்டுமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் கையிலிருந்த கரண்டி நழுவியது. அன்று ராத்திரி என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, "அவங்க யாருன்னு தெரிஞ்சுக்கணும்மா. போய்ச் சேந்துக்கறதுக்கு இல்ல. சும்மா... தெரியணும்" என்றாள். சரி என்றேன். மறுநாள் சுவாமி விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது அழுதேன், பொய் சொல்வானேன்.

இல்லத்தில் வேலை பார்த்தவர்களைத் தனக்குத் தெரியும், இருபதாயிரம் கொடுத்தால் ஒரு வாரத்தில் ஆளைக் காட்டுகிறேன் என்று ஒருவர் வந்தார். நல்லவேளை, இவர் முதலில் சட்டத்தை விசாரித்தார். வெளிநாட்டுத் தத்துகளில் நடக்கும் முறைகேடுகள் பற்றி லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர் 1982-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு கடிதம் எழுத, அதையே வழக்காக எடுத்துக்கொண்டு 1984-ல் நீதிபதி பகவதி தீர்ப்புச் சொன்னார். ஒழுங்குமுறை எல்லாம் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1990-ல் 'காரா' என்ற மத்திய அமைப்பு வந்தது. 2022-ம் வருஷத்து விதிகளில் பெற்றவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. பதினெட்டு வயசானால் பிள்ளை தானே மனுக் கொடுக்கலாம். அதற்குள் என்றால் வளர்த்த பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். காராவுக்கும் எழுதலாம், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலும் கொடுக்கலாம். மூன்றாம் மனிதர் தேடித் தருவதற்கு அனுமதியே கிடையாது. இருபதாயிரக்காரரைக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

முக்கியமானது இன்னொன்று. பிள்ளைக்குத் தெரிந்துகொள்ளும் உரிமை இருப்பது போலவே, பெற்றவளுக்கு மறைந்திருக்கும் உரிமையும் உண்டு. தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று அன்றைக்கே கேட்டிருந்தால், அவள் சம்மதம் இல்லாமல் யாரும் சொல்லக் கூடாது. அவள் மறுத்தாலோ, கிடைக்காமல் போனாலோ, எந்தச் சூழ்நிலையில் ஒப்படைத்தாள் என்பதை மட்டும் பிள்ளைக்குச் சொல்வார்கள்.

தொட்டிலில் விட்டுப் போன குழந்தைகளை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பித்தபோது, கள்ளிப்பாலுக்குப் பதிலாகத் தொட்டிலாவது என்று எத்தனை உயிர் பிழைத்தது! ஆனால் யாரும் பார்க்காமல் வைத்துவிட்டுப் போன குழந்தைக்குத் தேதியும் இடமும்தான் மிஞ்சும். தேடல் அந்தத் தொட்டிலோடு நின்றுவிடும்.

மகளே தன் கையால் மனு எழுதிக் காஞ்சிபுரத்தில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கப்புறம் ஏழு மாதம்.

நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அறிக்கையில் இருந்த சூளை எங்கே என்று பார்த்துவிட்டு வரலாம் என்றாள். அவளுடைய வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். நான் கல்யாணமாகி வந்தபோது ஒரகடம் பக்கம் ஏரியும் வயலும் கல்குவாரியும்தான். இப்போது எங்கு பார்த்தாலும் மதில் சுவர், மதிலுக்கு உள்ளே கம்பெனி. டீக்கடைப் பெரியவர் ஒருவர், "சூளையா? சிப்காட் வந்ததும் எல்லாம் போச்சேம்மா. அந்த ஜனங்க வெளியூருங்க. சீசன் முடிஞ்சா போயிடுவாங்க" என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. தினமும் ஷிப்ட் பஸ்ஸில் அந்த மதிலைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறாளாம்.

ஏழாம் மாதம் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். பக்குவமான ஒரு பெண் அதிகாரி. அவளை மட்டும் உள்ளே அழைத்து முக்கால் மணி நேரம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த சுலோகமெல்லாம் சொல்லி முடித்துவிட்டேன்.

பெற்றவள் இருக்கிறாள். வேறு ஊரில், வேறு குடும்பத்தோடு. வீட்டில் யாருக்கும் தெரியாது. பார்க்க வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாளாம். அன்றைக்கு ஏன் ஒப்படைத்தாள் என்பதையும் சொல்லியிருக்கிறாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன், அது என் மகளுடைய சொத்து. உடம்பைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும் தயங்காமல் பதில் சொன்னாளாம்: தன் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. கேட்காமலே ஒன்று சொல்லியிருக்கிறாள். "ஐப்பசி அடைமழையில, விடியக் காத்தால பொறந்தா."

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். சுங்குவார்சத்திரம் தாண்டினபோது, "மழையாம்மா" என்றாள். அப்புறம் தூங்கிப்போனாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே வந்து, "வத்தக்குழம்பு வைக்கிறியாம்மா?" என்று கேட்டாள்.

போன மாதம் கம்பெனியில் வருஷாந்திர மருத்துவப் பரிசோதனை. அதே பாரம். சாப்பாட்டு மேஜையில் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'பாட்டி (தாய் வழி) - சர்க்கரை' என்று இருந்தது. அதற்குக் கீழே, 'அம்மா - சர்க்கரை, 2016 முதல்' என்று என்னுடையதையும் எழுதியிருந்தாள்.

"இது எதுக்குடி? டாக்டர் குழம்பிப் போவார்."

"கேட்டா விளக்கமா சொல்லிக்கறேன், விடு" என்று பாரத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். தெருமுனையில் ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்தது. டிபன் டப்பாவை மறந்துவிட்டு ஓடினாள், நான் பின்னாலேயே எடுத்துக்கொண்டு ஓடினேன்.