மார்க்கு பெரிதா, மனிதன் பெரிதா?

தொழிலாளத் தோழர்களே!

ஞாயிற்றுக்கிழமை பிரிக்பீல்ட்ஸுக்கு வரும் நம்மவர்களிடையே, தேநீர்க் கடையில் ஒரு வாதம். மரம் வெட்டும் சங்கிலி வாளில் ஜெர்மனியின் ஸ்டில் உயர்த்தியா, சுவீடனின் ஹஸ்க்வர்ணா உயர்த்தியா?

நாம் சொல்லுகிறோம்: இரண்டும் நல்ல சரக்கே. கையை மரத்துப்போகச் செய்யும் அதிர்வைத் தடுக்க 1960-களிலேயே இருவரும் வழி கண்டார்கள். வாள் நுனியின் மேற்பாகம் கட்டையில் பட்டால், கண்ணிமைக்குமுன் வாள் முகத்துக்குத் துள்ளும். அப்போது சங்கிலியை நிறுத்தும் பிரேக்கையும் 1970-களின் தொடக்கத்திலேயே பொருத்திவிட்டார்கள். ஆகவே போட்டி அந்த இரண்டுக்கும் இடையே அல்ல. பிரேக் உள்ள வாளுக்கும் இல்லாத வாளுக்கும் இடையேதான்!

மறுநடவுக்காகக் கிழட்டு ரப்பர் மரங்களைச் சாய்க்க நம் தோட்டத்துக்கு ஒரு குத்தகைக்காரர் வந்தார். அவருடைய வாளில் பெரிய மார்க்கின் பெயர் ஒட்டியிருந்தது, சரக்கோ போலி. பிரேக்கை இயக்கும் முன் கைக்காப்பு உடைந்து, கம்பியால் கட்டிக்கிடந்தது. வாள் பிடித்தவனுக்குக் கொடுத்த சப்பாத்துக்கும் தொப்பிக்கும் கூலியில் பிடித்தம்! அதைப் பட்டியலில் எழுதியது கிராணியாகிய நமது பேனாதான். வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளுகிறோம். இனி எழுதமாட்டோம்.

ஏனெனில், 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 26-வது பிரிவு, சட்டப்படி கொடுக்கவேண்டிய பாதுகாப்புக்குத் தொழிலாளியிடம் காசு வாங்கக்கூடாது என்கிறது. “அவன் குத்தகைக்காரன் ஆள்” என்று நிர்வாகம் கைகழுவவும் முடியாது; தன் கட்டுப்பாட்டிலுள்ள காரியங்களில் அவனுக்கும் நிர்வாகமே பொறுப்பு என்கிறது 15-வது பிரிவு. உயிருக்கு உடனடி ஆபத்தென்று அறிவித்தும் முதலாளி அதை நீக்காவிட்டால், வேலையைவிட்டு விலகி நிற்கும் உரிமையை 26ஏ பிரிவு 2024 ஜூன் 1 முதல் தந்திருக்கிறது.

“நல்ல வாள் விலை அதிகம்” என்கிறார்கள். வெட்டுண்ட காலுக்கு என்ன விலை? வங்காளதேசத் தோழனாயினும், இந்தோனேசியத் தோழனாயினும், நம் தமிழனாயினும், சங்கிலிக்கு வேற்றுமை தெரியாது.

தோழர்களே! வாளைக் கையில் எடுக்குமுன் பாருங்கள்: பிரேக் பிடிக்கிறதா? அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி இருக்கிறதா? விசையைத் தவறி அழுத்தாமல் காக்கும் பூட்டு வேலை செய்கிறதா? வாள் பட்டால் நூல் சிக்கிச் சங்கிலியை நிறுத்தும் கால்காப்பு கொடுத்தார்களா? ஒன்று குறைந்தாலும் நிர்வாகத்திடம் சொல்லுங்கள். உடனே சங்கக் கிளைக்கும் தெரிவியுங்கள்.

மார்க்கைப் பற்றிய வாதம் போதும். பாதுகாப்பான வாளை, முதலாளி காசில், கேட்டு வாங்குவோம்!