கலவையில விளையாடாதீங்க பாஸ்!

பாப்பாரப்பட்டின்னா சுப்பிரமணிய சிவா. இங்கே பாரத மாதாவுக்கு ஆலயம் கட்ட ஆசைப்பட்டு, சித்தரஞ்சன் தாஸைக் கூப்பிட்டு அடிக்கல் நாட்ட வெச்சார். கட்டி முடிக்கும் முன்பே, 1925 ஜூலை 23-ல் இதே ஊரில் மறைந்தார்.

உங்க பிளான் சின்னதுதான். செமஸ்டர் லீவுல துவைக்கிற கல்லுக்கு ஒரு மேடை! ஆனா அளவு முக்கியம். எல்லாத்தையும் ஒரே பாண்டுல அளங்க. செங்கல் கட்ட 1 சிமென்ட், 6 மணல். பூச்சுக்கு 1:4. கான்கிரீட்டுக்கு 1 சிமென்ட், 2 மணல், 4 ஜல்லி.

முதல்ல தண்ணி விடாம, ஒரே நிறம் வர்ற வரை புரட்டுங்க. கான்கிரீட்டுக்கு 50 கிலோ மூட்டைக்கு 30 லிட்டருக்கு மேல தண்ணி வேணாம். 'இளக்கமா இருந்தா ஈஸி'ன்னு ஊத்தினா, மிச்சத் தண்ணி ஆவியாகி உள்ளே பொடி ஓட்டை விழும், பலம் போச்சு!

அரை மணியில தீர்ற அளவு மட்டும் கலங்க. இறுகினதைத் தண்ணி தெளிச்சுக் கிளறாதீங்க. சிமென்ட் காய்ஞ்சு இறுகறதில்லை, தண்ணியோட சேர்ந்துதான் இறுகுது. அதனால மறுநாள்ல இருந்து குறைஞ்சது 7 நாள் ஈரச்சாக்கு போடணும்.

கையுறை கட்டாயம். சிமென்ட் தண்ணி தோலைப் புண்ணாக்கிடும்.

சன்ஷேடு, பில்லர், கூரையா? கொத்தனார் அண்ணனைக் கூப்பிடுங்க. அங்கே தப்பாச்சுன்னா அரியர் எழுத சான்ஸ் கிடையாது!