ஆறு நாள், நாலு ஊர், ஒரு அப்பத்தா

போன வாரம் மட்டும் மூணு பேர் கேட்டுட்டாங்க. "கோஸ்டா ரிக்கா போயிட்டு வந்தீங்களாமே, அந்த எக்ஸெல் ஷீட்டைக் கொஞ்சம் அனுப்புங்களேன்." மாட்டேன்னு சொன்னா பந்தா பண்றான்னு நினைப்பாங்க. அனுப்பினா அவங்க குடும்பத்துல சண்டை வரும். அதான் மூணு பேருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிடறேன். அந்த ஷீட்டைத் தூக்கிக் குப்பையில போடுங்க மக்கா. அது தப்பான ஷீட்.

மார்ச் மாசப் பள்ளி விடுமுறை. நான், தங்கமணி, பையன் (11), பொண்ணு (7), ஊர்லேருந்து ஆறு மாசத்துக்கு வந்திருந்த எங்கம்மா (69). மொத்தம் ஆறு நாள், அஞ்சு ராத்திரி. ஹூஸ்டன்லேருந்து விமானத்துல நாலு மணி நேரம் கூட ஆகாது. அம்மாவுக்கு ரெண்டு முழங்காலும் வலி. கிளம்புறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க: "ஏய்யா, இதுதான் கடைசி. இதுக்கு மேல என்னை எங்கயும் கூப்பிடாத." கடைசின்னு சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ள ஒரு வேகம். கடைசின்னா எல்லாத்தையும் காட்டிடணும்ல? அங்கதான் சறுக்கினேன்.

கோஸ்டா ரிக்காவோட மொத்தப் பரப்பு 51,100 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுல பாதி கூட இல்லை. வரைபடத்துல பாத்தா எல்லாமே கைக்கெட்டுற தூரம். ஸான் ஹோஸே விமான நிலையத்துல இறங்கி, எரிமலை இருக்கிற லா ஃபோர்த்துனாவுல ரெண்டு ராத்திரி, மேகக்காடு இருக்கிற மோன்தேவெர்தேல ஒண்ணு, குரங்கும் கடலும் சேர்ந்தே இருக்கிற மனுவேல் அந்தோனியோவுல ஒண்ணு, மறுபடி ஸான் ஹோஸேல ஒண்ணு. கலர் கலரா கட்டம் போட்டு, மணி வாரியா எழுதி வச்சிருந்தேன். தங்கமணி பாத்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "ஏங்க, இதுல அத்தை பாத்ரூம் போறதுக்கு எங்க நேரம்?" நான் சிரிச்சேன். அவங்க சிரிக்கலை.

இப்ப ஒரு சின்னக் கணக்கு. அந்த நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கம். ஸான் ஹோஸேயும் நம்ம மதுரையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. அதனால வருஷம் பூரா பகல் ஏறக்குறைய 12 மணி நேரம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிடும். மலை ரோட்டுல இருட்டுக்கப்புறம் குடும்பத்தோட வண்டி ஓட்டக் கூடாதுன்னு விவரம் தெரிஞ்சவங்க எல்லாரும் சொல்வாங்க. முதல் நாளும் கடைசி நாளும் விமானத்துக்கே சரியாப் போச்சு. மிச்சம் நாலு நாள், 48 மணி நேர வெளிச்சம். ஊர் மாறுறது மூணு தடவை. மூணு, மூணரை, நாலரை மணி நேரம்னு தூரத்தைப் பொறுத்து மேப் சொல்லும். ஆனா ரூம் காலி பண்றது, மூட்டை ஏத்துறது, சாப்பாடு, வாந்திக்கு நிறுத்துறது, லாரிக்குப் பின்னாடி ஊர்றது எல்லாம் சேர்த்தா ஒவ்வொண்ணுக்கும் ஆறு மணி நேரம். 48ல 18 போச்சு. மழைக்காட்டைப் பாக்கப் போய் ரோட்டைப் பாத்துட்டு வர்றதுக்கு அவ்வளவு டிக்கெட் காசு எதுக்கு?

லா ஃபோர்த்துனா நல்ல ஊருங்க. குறை சொல்ல முடியாது. அரெனால் எரிமலை 1968ல வெடிச்சு 87 பேரைக் கொன்னது. அதுக்கப்புறம் 2010 வரைக்கும் புகைஞ்சுக்கிட்டே இருந்து இப்ப அமைதியா இருக்கு. பெரும்பாலும் மேகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கும். நாங்க போன ரெண்டாம் நாள் காலையில ஒரு பத்து நிமிஷம் முழுசா முகம் காட்டுச்சு. ஷீட்டுல அப்ப நான் 'அருவி'ன்னு எழுதியிருந்தேன். அருவிக்கு இறங்க சுமார் 500 படி. அம்மா மேலேயே பெஞ்சுல உக்காந்துட்டாங்க. நாங்க அடிச்சுப் பிடிச்சு இறங்கி, காலை நனைச்சு, மூச்சு வாங்க ஏறி வந்தோம்.

சாயங்காலம் ஒரு வழிகாட்டியோட தொங்கு பாலங்கள் பக்கம் நடந்தோம். அவர் கையில முக்காலி வச்ச தொலைநோக்கி. ஒரு மரத்து உச்சியைக் காட்டி ஸ்லாத்னார். (அகராதியைப் புரட்டினா சிலது தேவாங்குன்னு சொல்லும். தேவாங்கு வேற, நம்ம கடவூர்ப் பக்கம் இருக்கிறது. இது வேற சாதி.) எனக்கு தேங்கா நார் மூட்டை மாதிரிதான் தெரிஞ்சது. மூணு விரல் ஸ்லாத் வாரத்துக்கு ஒருக்காதான் கீழ இறங்கி வெளிக்குப் போகும்னார். அம்மா ரொம்ப ஆர்வமாக் கேட்டாங்க: "அது திரும்புற வரைக்குமாச்சும் இருப்போமாய்யா?" நான் கடிகாரத்தைப் பாத்தேன். இன்னும் ஒரு அயிட்டம் பாக்கி இருந்தது. கிளம்பிட்டோம். இப்ப யோசிச்சா என் கன்னத்துல நானே ஒண்ணு போட்டுக்கலாம் போல இருக்கு.

கும்பகோணத்துல ரூம் போட்டு ஒரே நாள்ல ஒன்பது நவக்கிரகக் கோயிலையும் முடிக்கிறோம் பாருங்க, அந்தப் பழக்கம் நமக்கு. அங்க அது சரி. சாமி கருவறையில இருப்பார். போனா தரிசனம் நிச்சயம். காட்டுல அப்படிக் கிடையாது. குரங்கு எப்ப வரும், பறவை எந்தக் கிளையில உக்காரும்னு யாரும் டோக்கன் தர மாட்டாங்க. சும்மா ஒரு இடத்துல இருக்கிறவனுக்குத்தான் ஏதாவது கிடைக்கும்.

மூணாம் நாள் மோன்தேவெர்தே. வரைபடத்துல ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு ஏரிதான். ரோடு அந்த ஏரியைச் சுத்திக்கிட்டுப் போகும். பொண்ணு ரெண்டு தடவை வாந்தி. அம்மா காலை நீட்ட முடியாம பல்லைக் கடிச்சுக்கிட்டு வந்தாங்க. ராத்திரி எல்லாரும் சுருண்டு படுத்தப்புறம், மனுவேல் அந்தோனியோ பூங்காவுக்கு டிக்கெட் எடுக்கலாம்னு போனைத் திறந்தேன். அங்க டிக்கெட் முன்கூட்டியே இணையத்துலதான் எடுக்கணும். எனக்கு வேண்டிய தேதியை அமுக்கவே முடியலை. அப்புறம்தான் உறைச்சது. நாங்க போறது செவ்வாய்க்கிழமை. செவ்வாய் அந்தப் பூங்காவுக்கு விடுமுறை. இவ்வளவு கலர் அடிச்ச ஷீட்டுல இந்த ஒரு வரி இல்லை!

தங்கமணியை எழுப்பிச் சொன்னேன். திட்டுவாங்கன்னு பாத்தா, "அப்ப நாளைக்கு இங்கயே இருக்கலாமா?"ன்னு கேட்டாங்க. கேட்ட குரல்ல இருந்த சந்தோஷத்தைக் கேட்டு எனக்கு வெக்கமாப் போச்சு. கடற்கரை ஓட்டலுக்குக் கட்டின காசு திரும்பி வரலை. போகட்டும்.

திங்கக்கிழமை எந்தத் திட்டமும் கிடையாது. காலையில நாங்க தங்கியிருந்த இடத்துப் பின்னாடி, பொண்ணு "அப்பத்தா, இலை நடக்குது!"ன்னு கத்தினா. இலைவெட்டி எறும்புங்க. ஒவ்வொண்ணும் தன்னைவிடப் பெரிய இலைத் துண்டைக் குடை மாதிரி பிடிச்சுக்கிட்டு வரிசையாப் போகுது. அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்க. அந்த எறும்பு இலையைத் திங்காது, புத்துக்குள்ள கொண்டு போய் மென்னு உரமாக்கி, அதுல பூஞ்சை வளர்த்து அதைத்தான் திங்கும்னு பையன் எங்கேயோ படிச்சதைச் சொன்னான். அம்மா அவனைப் பாத்து, "இதுகளும் வெவசாயம் பண்ணுதுகளாடா?"ன்னாங்க. அப்புறம் ஒன்றரை மணி நேரம். தங்க ஊர்ல நெல் மூட்டை சுமந்த கதை, கரையான் புத்துக் கதை எல்லாம் வந்தது. எங்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத கதைங்க. நானும் அங்கதான் நின்னுக்கிட்டு இருந்தேன். செய்யறதுக்குத்தான் வேற எதுவும் இல்லையே.

மத்தியானம் குழந்தைகளோட நித்தியக் காட்டுல பாஹோ தெல் தீக்ரேன்னு ஒரு பகுதி, அங்க போனோம். சின்னச் சின்ன நடைபாதை. அம்மாவே மெதுவா நடந்தாங்க. பேர் விசித்திரமா இருக்கேன்னு விசாரிச்சா, 1987ல ஸ்வீடன்ல ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துப் பசங்க மழைக்காடு அழியுதுன்னு கேள்விப்பட்டு, காசு சேர்த்து, இங்க காடு வாங்க அனுப்பியிருக்காங்க. அப்புறம் பல நாட்டுப் பிள்ளைங்க சேர்ந்து, இன்னிக்கு அது 22,000 ஹெக்டேருக்கு மேல. நாட்டுலயே பெரிய தனியார் காப்புக்காடு. என் பையன் அந்தப் பலகையை ரெண்டு தடவை படிச்சான்.

அந்த ஊருக்கே ஒரு கதை உண்டு. கோஸ்டா ரிக்கா 1948ல ராணுவத்தையே கலைச்ச நாடு. போருக்கு ஆள் எடுக்கிறதை எதிர்த்து ஜெயிலுக்குப் போன சில குவேக்கர்கள், 1951ல அலபாமாவை விட்டுக் குடும்பத்தோட வந்து இங்க குடியேறி மாடு வளர்த்தாங்க. தண்ணி வர்ற மலை உச்சிக் காட்டை மட்டும் வெட்டாம விட்டாங்க. 1972ல அங்க காப்பகம் வந்தது. நாடு முழுக்கவும் ஒரு காலத்துல மாட்டுப் பண்ணைக்காகக் காட்டை மொட்டையடிச்சு, 1980கள்ல கால்வாசி அளவுக்குக் குறைஞ்சு போச்சு. 1996ல காட்டை வேற உபயோகத்துக்கு மாத்தக் கூடாதுன்னு சட்டம் போட்டு, எரிபொருள் வரியில ஒரு பங்கை எடுத்துக் காட்டைக் காக்கிற நிலக்காரங்களுக்குக் கொடுத்தாங்க. இப்ப பாதிக்கு மேல காடு. ஆனா எல்லாம் திரும்பி வரலை. மோன்தேவெர்தேல மட்டுமே இருந்த பொன் தேரையை 1989க்கு அப்புறம் யாரும் பாக்கலை. இதையெல்லாம் பிள்ளைங்களுக்கு நின்னு சொல்ல நேரம் இருந்ததே, அது அந்தச் செவ்வாய்க்கிழமை புண்ணியம்.

"வாழ்க்கையில ஒரு தடவை போறோம், அவ்வளவு செலவு பண்ணிட்டு ரெண்டு ஊரை மட்டும் பாக்கறதா?"ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்விதான். அஞ்சு பேர் டிக்கெட் விலை எனக்கும் தெரியும். தனியாப் போற இளவட்டமா இருந்தா நாலு ஊரும் போங்க, கோர்கொவாதோ வரைக்கும் போங்க, யார் வேணாம்னா? குடும்பத்தோட போறப்ப வேகத்தைத் தீர்மானிக்கிறது நீங்க இல்லை. முழங்கால் வலிக்கிற அம்மாவும், வாந்தி எடுக்கிற குழந்தையும்தான். அவங்க வேகத்துல பயணம் போட்டா எல்லாரும் பாக்கலாம். உங்க வேகத்துல போட்டா நீங்க மட்டும்தான் பாப்பீங்க. ஒரே தடவைதான்ங்கிறதாலதான் கம்மியாப் பாக்கணும்கிறேன்.

சரி, ஷீட்டுக்குப் பதிலா இதை வச்சுக்கோங்க:

1. அஞ்சு ராத்திரின்னா ரெண்டே ஊர். லா ஃபோர்த்துனா 3, மோன்தேவெர்தே 2. கடல் வேணும்னா மோன்தேவெர்தேயை விட்டுட்டு மனுவேல் அந்தோனியோ. மூணையும் சேர்க்காதீங்க. (செவ்வாய்! செவ்வாய்!)

2. முதல் ரெண்டு ஊர்னா, ஸான் ஹோஸேயை விட லிபேரியா விமான நிலையம் தோது. ரெண்டு ஊரும் அங்கேருந்து சுமார் மூணு மணி நேரத்துக்குள்ள. இறங்குறதும் ஏறுறதும் அங்கேயே வச்சுக்கலாம்.

3. ஒரு நாள் முழுசா காலியா விடுங்க. ஷீட்டுல 'ஒண்ணும் இல்லை'ன்னே எழுதுங்க.

4. முதல் நாளே வழிகாட்டியோட ஒரு நடை. பத்தடி தூரத்துல இருக்கிற பாம்பைக் கூட நம்ம கண்ணு கண்டுபிடிக்காது. அவர் பாத்துச் சொல்வார்.

5. கார் வாடகை இணையத்துல மலிவாத் தெரியும். கட்டாயக் காப்பீடு பல சமயம் அதுல சேர்ந்திருக்காது. மொத்தம் எவ்வளவுன்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. கார் எடுக்காட்டி, லா ஃபோர்த்துனாவுலேருந்து வேன், படகு, வேன்னு ஏரியைக் கடக்கலாம். வளைவு ரோடு கொஞ்சம் மிச்சம்.

6. டிசம்பர்லேருந்து ஏப்ரல் வரை மழை கம்மி. ஆனா மேகக்காடு எப்பவும் ஈரம்தான். ஸ்வெட்டர், மழைக்கோட்டு ரெண்டும் கட்டாயம்.

7. சைவக்காரங்க பயப்பட வேணாம். காலையில கல்லோ பின்தோ, அதாவது சோறும் கறுப்பு பீன்ஸும் சேர்த்துக் கிளறினது. 'ஸின் கார்னே'ன்னா கறி வேண்டாம்னு அர்த்தம். வாழைக்கா வறுவல் கிடைக்கும். ஊறுகா மட்டும் கையோட.

8. அம்மா பாஸ்போர்ட்டுல இருந்த அமெரிக்க விசாவே எங்களுக்குப் போதுமானதா இருந்தது. விதி மாறிக்கிட்டே இருக்கும். டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி தூதரகத்துல கேட்டுக்கோங்க.

ஊருக்குப் போனப்புறம் அம்மா எல்லார்கிட்டயும் என்ன சொல்றாங்கன்னு தங்கச்சிகிட்ட விசாரிச்சேன். எரிமலை பத்திப் பேச்சே இல்லையாம். அருவி? மூச். "அங்க எறும்பு வெவசாயம் பண்ணுதுடி, நானும் பேத்தியும் உக்காந்து பாத்தோம்"னு தெருவுக்கே சொல்லி முடிச்சாச்சாம். அதோட இன்னொண்ணும் சொன்னாங்களாம். அந்த ஸ்லாத் கடைசியில திரும்புச்சா இல்லையான்னு தெரியலையேன்னு.

அந்த ஒண்ணுக்கு மட்டும் எங்கிட்ட பதில் இல்லை. :-(