நீதிமன்றத்துக்கு நிழல் வேண்டும்

நீதிமன்றக் கட்டடம் என்றதும் நம்ம ஆட்கள் முதலில் வரைவது முகப்பைத்தான். பெரிய தூண்கள், உயரமான படிகள், இப்போது கூடுதலாகக் கண்ணாடி. கேட்டால் "கம்பீரம்" என்கிறார்கள். சரி, யாருக்குக் கம்பீரம்?

அந்தக் கட்டடத்தில் அதிக நேரம் காத்துக் கிடப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். நீதிபதிக்குச் சேம்பர் உண்டு, வக்கீலுக்கு பார் அறை உண்டு. பொன்னமராவதியிலிருந்தோ கறம்பக்குடியிலிருந்தோ காலையில் பஸ் பிடித்து புதுக்கோட்டைக்கு வாய்தாவுக்கு வருகிறவருக்கு? டவாலி பெயரைக் கூப்பிடும்வரை வராந்தாதான். கட்டடம் வரைய வேண்டியது அவரிடமிருந்துதான் என்பது என் கட்சி.

"கோர்ட் என்ன பூங்காவா, அமைதி எதற்கு?" என்று கேட்பீர்கள். ஜீவனாம்சம் கேட்டு வந்த பெண், தன்னை அடித்த கணவனுக்கு எதிரிலேயே மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கூண்டில் ஏறி என்ன பேசுவாள்? சாட்சி பயந்தால் உண்மை வெளியே வராது. 2012 போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு, சாட்சி சொல்லும் குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக்கூடாது என்கிறது. அத்தகைய சாட்சிகளுக்கு மாவட்டந்தோறும் தனி மையம் வேண்டும் என்று 2022ல் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. சட்டம் சொல்லியாச்சு, சுவரும் வாசலும் அதற்கேற்ப இருக்க வேண்டாமா?

மரத்தைப் பார்த்தால் மனசு ஆறும் என்பது வெறும் கவிதை இல்லை. 1984ல் ரோஜர் உல்ரிச் என்பவர் 46 அறுவை சிகிச்சை நோயாளிகளை ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள், வலி மாத்திரையும் குறைவாகவே கேட்டார்கள்.

இதற்கு வெளிநாட்டு நிபுணர் தேவையில்லை. நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. சித்தன்னவாசல் ஏழடிப்பட்டத்தில் சமணர்கள் இயற்கையான பாறை நிழலிலேயே படுக்கை வெட்டிக்கொண்டார்கள். அங்கேயே குடைவரைக் கோயில் விதானத்தில் தாமரைக் குளத்தைத் தீட்டினார்கள். வெயில் காயும் ஊர்க்காரனுக்கு நிழலும் தண்ணீரும்தான் அமைதி! கிராமத்துக்குக் கிராமம் கோயில்காடும் கண்மாயும் இருப்பதும் அந்த அறிவால்தான். கலெக்டர் ஆபீஸாகிவிட்ட பழைய அரண்மனையைப் பாருங்கள், வளைவுகளும் தாழ்வாரங்களும். ஏசி இல்லாத காலத்தில் வெயிலைத் தடுத்த வித்தை அது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். நாலு பக்கமும் அகலமான தாழ்வாரம். நடுவில் முற்றம், அதில் வேம்பும் புங்கையும். மேற்கு வெயில் தாக்கும் சுவருக்குத் தடித்த செம்புறாங்கல். கூரை மழைநீர் சேர ஒரு ஊருணி. எதிரெதிர்த் தரப்புக்குத் தனித்தனி வாசலும் காத்திருக்கும் இடமும். குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை. பகல் முழுக்க ஏசிக்கும் டியூப் லைட்டுக்கும் கரண்ட் பில் கட்டும் பெட்டிக் கட்டடத்தைவிட, இது காலப்போக்கில் செலவு குறைவாகத்தான் முடியும்.

"அப்போ ஆலமரத்தடிப் பஞ்சாயத்துக்கே திரும்பலாமே" என்று கிண்டல் செய்யாதீர்கள். அந்த மரத்தடியில் யார் நிற்கலாம், யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. அந்த நீதி நமக்கு வேண்டாம். நிழலை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

தென்னாப்பிரிக்காவில் அதைத்தான் செய்தார்கள். காந்தியும் மண்டேலாவும் அடைபட்டிருந்த ஜோகன்னஸ்பர்க் சிறை வளாகத்தில் 2004ல் அரசியல் சாசன நீதிமன்றம் திறந்தார்கள். இடித்த சிறைச் செங்கல்லையே சுவருக்கு வைத்தார்கள். மரத்தடியில் மக்கள் கூடியிருப்பதுதான் அதன் சின்னம். கூடத்துத் தூண்களும் மரங்கள் மாதிரி சாய்ந்தே நிற்கின்றன.

சிறைக் கல்லிலேயே அவர்களால் மரநிழல் கட்ட முடிந்தது. பாறையும் கண்மாயும் காடும் உள்ள புதுக்கோட்டையில் நம்மால் முடியாதா என்ன?