படுக்கையில் விழுந்த பெரியவருக்கு அருப்புக்கோட்டையில் இடம் எங்கே?

தோழர்களே, உங்க தெருவுல பிள்ளைங்க எல்லாம் திருப்பூர், கோவை, சென்னை, துபாய்னு போயிட்டு, தனியா இருக்குற பெரியவங்க எத்தனை பேர்? எண்ணிப் பாருங்க. திருச்சுழி பக்கம் சில ஊர்கள்ல கைவிரல் பத்தாது.

2011 கணக்கெடுப்புப்படி அருப்புக்கோட்டை நகராட்சியின் மக்கள்தொகை 87,722. தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.6 சதவீதம் என்பது மத்திய அரசின் மதிப்பீடு. கேரளாவுக்கு அடுத்து நாமதான். அந்தச் சராசரியை வச்சுப் பார்த்தாலே நகருக்குள்ள மட்டும் சுமார் 12 ஆயிரம் பெரியவங்க. வானம் பார்த்த பூமி, படிச்ச பிள்ளைங்க தங்காத ஊர். உண்மை எண்ணிக்கை இன்னும் கூடத்தான் இருக்கும்.

கம்பு ஊன்றியாவது நடமாடுறவங்களைப் பத்தி இந்தப் பதிவு இல்லை. இடுப்பெலும்பு முறிஞ்சு, பக்கவாதம் வந்து, நினைவு தப்பி, படுக்கையில கிடக்குறவங்களைப் பத்தி. அவங்களுக்கு உதவித்தொகை இருக்கே என்பார்கள். 2023-ல் அது 1,000-லிருந்து 1,200 ரூபாய் ஆச்சு. நாளைக்கு 40 ரூபாய். ஒரு டயப்பருக்கே சரியாப் போயிடும்.

சட்டம் இல்லையா? இருக்கு. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007. அதன் 19-வது பிரிவு, ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும் இல்லம் மாவட்டத்துக்கு ஒன்றாவது என்று தொடங்கி, மாநில அரசு படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. "அமைக்கலாம்"தான், "அமைக்க வேண்டும்" இல்லை. அந்த ஒரு சொல்லுல எல்லா ஆட்சியும் தப்பிச்சுக்கிட்டு வருது. பிள்ளை கவனிக்கலைன்னா கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துல மனு கொடுக்கலாம், மாசம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கிடைக்கலாம். சரி, பணம் வந்துச்சுன்னே வச்சுக்குவோம். ராத்திரி ரெண்டு மணிக்குப் புரட்டிப் படுக்க வைக்கிறது யாரு?

இங்க ஒரு கசப்பான பேரைச் சொல்லித்தான் ஆகணும். தலைக்கூத்தல். 2010-ல் நம்ம விருதுநகர் மாவட்டத்துலதான், வீட்டுல பேசினதைக் கேட்டு 80 வயசுப் பெரியவர் ஒருத்தர் தப்பிச்சு, உறவினர் வீட்டுல தஞ்சம் புகுந்தார்னு செய்தி வந்து நாடே அதிர்ந்துச்சு. அது கொலை. அதுல ரெண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனா "கல்நெஞ்சுக்காரங்க"ன்னு திட்டிட்டு நகர்ந்துடுறது ரொம்ப சுலபம். பகல் முழுக்க தறியில உட்கார்ந்தாதான் உலை கொதிக்கும்ங்கிற வீட்டுல, ஒரே மருமக, படுத்த மாமியாருக்கு மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளுறா. ஒரு நாள் லீவு கிடையாது, கூட ஒரு ஆள் கிடையாது. அவளுக்கு அரசாங்கம்னு ஒண்ணு இருக்குறதே தெரியாது, ஏன்னா அது ஒரு நாளும் அவ வீட்டு வாசலைத் தாண்டி உள்ள வந்ததில்லை. வீட்டு வாசல் வரைக்கும் இப்போ வர்றது மக்களைத் தேடி மருத்துவம். 2021-ல் தொடங்கினது, நல்ல திட்டம், மறுக்கல. ஆனா மாத்திரை கொடுத்துட்டு, பிசியோ சொல்லிக் கொடுத்துட்டு அவங்க கிளம்பித்தானே ஆகணும்.

"பெத்தவங்கள இல்லத்துல விடுறது நம்ம பண்பாடா?"ன்னு கமெண்ட் வரும். வரட்டும். பண்பாடு பேசுறவங்கள்ல எத்தனை பேர் பெட்பேன் கழுவியிருக்காங்கன்னு மட்டும் கேட்டுக்கிறேன்.

ஏன் நகராட்சி? முழுக்க நீண்டகாலப் பராமரிப்புக்குன்னே காப்பீடு வச்சிருக்குற ஜப்பான்ல, 2000-லிருந்து அதை நடத்துறதே நகராட்சிகள்தான். பக்கத்துல கேரளாவுல 2008-லேயே கொள்கை வகுத்து, படுக்கையில கிடக்குறவங்க வீட்டுக்கு நர்ஸை அனுப்புற பொறுப்பை உள்ளாட்சிகள்கிட்ட கொடுத்துட்டாங்க. யார் வீட்டுல யார் படுத்திருக்காங்கன்னு கோட்டைக்குத் தெரியாது, வார்டு கவுன்சிலருக்குத் தெரியும். நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பது அரசியலமைப்பின் 12-வது அட்டவணையிலேயே நகராட்சியின் பணிகளில் ஒன்று. மூத்த குடிமக்களுக்கான மத்திய அரசின் ஒருங்கிணைந்த திட்டத்துல 25 பேர் தங்குற இல்லத்துக்கு நிதி உண்டு, உள்ளாட்சிகளும் கேட்கலாம். கேட்கணும், அவ்வளவுதான்.

2025-26 பட்ஜெட்ல 25 அன்புச்சோலை மையங்களை அறிவிச்சாங்க. அவை பகல்நேர மையங்கள். காலையில ஆட்டோ ஏறிப் போக முடிஞ்சவங்களுக்கு நல்லது. எழுந்தே உட்கார முடியாத நம்மூர் அப்பத்தாவுக்கு அதனால என்ன?

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். நகராட்சியில பகுதி சபை இருக்கு. கிராமத்துல கிராம சபை. வழக்கமா குடிதண்ணி, சாக்கடை, தெருவிளக்கு பேசுவோம், அதையும் பேசுங்க. கூடவே இந்த மனுவையும் எழுதிக் கொடுத்து, ரசீது வாங்குங்க: அருப்புக்கோட்டை நகராட்சி இடத்துல, அரசு மருத்துவமனைக்குப் பக்கமா, 25 படுக்கையோட ஒரு இல்லம். படுத்த படுக்கையானவங்களையும் சேர்க்கணும். அதுல அஞ்சு படுக்கை, வீட்டுல பார்த்துக்கிறவங்க பத்து நாள் மூச்சு விட, தற்காலிகமா விட்டுட்டுப் போறதுக்கு. திருச்சுழி, காரியாபட்டி தாலுகாக்காரங்களுக்கும் கதவு திறந்திருக்கணும். அவங்களும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறி வர்றது இங்கதானே.

#அருப்புக்கோட்டைக்கு_முதியோர்_இல்லம்