எங்களை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்து வையுங்கள்

பிறப்பின்போது கை நரம்பு காயமுற்றோரும் அவர்களின் பெற்றோரும் முன்வைக்கும் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறை, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை, பள்ளிக் கல்வித் துறை ஆகியவற்றின் கவனத்துக்கு.

பிரசவத்தில் தலை வெளியே வந்துவிட்டது. தோள் தாயின் இடுப்பெலும்பில் சிக்கிக்கொண்டது. அந்தச் சில நிமிடங்களில் கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புகள் இழுபட்டு, ஒரு கை தொய்ந்தபடி பிறந்தவர்கள் நாங்கள். அப்படிப் பிறந்த பிள்ளைகளின் தாய் தந்தையரும் இதில் எங்களோடு சேர்ந்து பேசுகிறார்கள். மருத்துவச் சீட்டில் இதற்கு ‘எர்ப்ஸ் பால்சி’ என்றோ ‘பிரேக்கியல் பிளெக்சஸ் காயம்’ என்றோ எழுதியிருப்பார்கள். தெருவில் எங்களுக்கு ‘கை வராத புள்ள’ என்று பெயர்.

கழுத்தின் 5 முதல் 8 வரையுள்ள நரம்பு வேர்களும் மார்பின் முதல் வேரும் கூடிய பின்னல் அது. மேல் வேர்கள் இரண்டு மட்டும் இழுபட்டால் தோளைத் தூக்க முடியாது, முழங்கையை மடக்க முடியாது; உள்ளங்கை பின்பக்கம் திரும்பித் தொங்கும். ஐந்தும் அறுந்தால் விரல்கூட அசையாது. பெரும்பாலான குழந்தைகள் சில மாதங்களில் தேறிவிடுகிறார்கள். தேறாதவர்களும் அரைகுறையாகத் தேறியவர்களும்தான் இதை எழுதுகிறோம்.

“இது லட்சத்துல ஒருத்தருக்கு வர்றதும்மா” என்று எங்களிடம் சொல்லாதவர் இல்லை. கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. ஆயிரம் பிறப்புக்கு ஒன்று முதல் மூன்று வரை என்பது உலக அளவில் பொதுவாகச் சொல்லப்படுவது. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சுமார் 8 லட்சம் குழந்தைகள் பிறக்கிறார்கள். குறைந்த அளவையே எடுத்து, அதிலும் ஐந்தில் ஒருவருக்குத்தான் குறை தங்குகிறது என்று வைத்தாலும், 38 மாவட்டங்களில் ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு நாலு பேராவது சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். அப்படியிருந்தும் கல்யாண வயது வந்த பின்னும் தன் கை மாதிரி இன்னொரு கையைப் பார்த்திராதவர்கள் எங்களில் உண்டு.

அரசுக்கு எங்களைத் தெரியும். தாயின் கர்ப்பப் பதிவான பிக்மி எண்ணில், தடுப்பூசி அட்டையில், பிசியோதெரபி பதிவேட்டில், மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அட்டையில் இருக்கிறோம். எங்களுக்குத்தான் எங்களைத் தெரியாது. அறுவை சிகிச்சைத் திறமைக்கு இங்கே பஞ்சமில்லை. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையின் கை அறுவைத் துறையும் கோவை கங்கா மருத்துவமனையும் நாடறிந்தவை. உதவித்தொகைக்காகப் போராடப் பெரிய இயக்கங்கள் உள்ளன. இந்தச் சாசனம் கேட்பது அறிமுகத்தை.

இதைச் சலுகையாகவும் கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கைக்கு இந்தியா 2007 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. அதன் 26ஆம் பிரிவு, மறுவாழ்வுக்கு அரசுகள் எடுக்க வேண்டிய நடவடிக்கைகளில், ஒத்த நிலையில் வாழ்பவர்களின் துணையையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. நமது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அந்த உடன்படிக்கையை நடைமுறைக்குக் கொண்டுவர வந்த சட்டம்தான்.

1. முதல் மூன்று மாதத்துக்குள் ஓர் அம்மாவின் தொலைபேசி எண்

பிரசவ வார்டிலிருந்து அனுப்பும்போது “தானா சரியாயிடும், பயப்படாதீங்க” என்பார்கள். பாதி உண்மை. மீதிப் பாதிக்குக் கெடு உண்டு. மூன்று மாதத்துக்குள் முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யத் தொடங்குகிறதா என்று பார்த்துத்தான் நரம்பு அறுவை தேவையா என்பதை மருத்துவர்கள் யோசிக்கிறார்கள். தேவையென்றால் பெரும்பாலும் மூன்று முதல் ஒன்பது மாதத்துக்குள் செய்கிறார்கள். கெண்டைக்காலிலிருந்து நரம்பை எடுத்துக் கழுத்தில் வைத்துத் தைக்கச் சம்மதமா என்ற கேள்வி, பத்தியச் சாப்பாட்டைக்கூட விடாத ஒரு பெண்ணின் முன்னால் வந்து நிற்கிறது.

அந்த வீட்டில் அப்போது என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். “நீ சரியா முக்கல” என்று ஒரு குரல். எண்ணெய் போட்டு உருவினால் போதும் என்று ஒரு குரல். எலும்பு கட்டுகிறவரிடம் தூக்கிப் போகலாம் என்று இன்னொன்று. குளிக்க ஊற்றும் பாட்டி காலில் கிடத்தி, இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே இழுத்து நீவுவார். பாசத்தில்தான் செய்கிறார், இழுபட்ட நரம்புக்கு அது தெரியாது. கணவருக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது, வெளியே போய்விடுவார்.

ஆகவே, குழந்தையை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் காயத்தின் பெயர் தமிழில் எழுதப்பட வேண்டும். மூன்றாம் மாதப் பரிசோதனையின் தேதியும் அதிலேயே இருக்க வேண்டும். இருதரப்பின் சம்மதத்தோடு, இதைக் கடந்து வந்த ஓர் அம்மாவின் எண்ணைப் பதினைந்து நாளுக்குள் கிராம சுகாதாரச் செவிலியர் கொடுக்க வேண்டும். அந்த அம்மா ‘அறுவை செய்’ என்றும் சொல்ல மாட்டார், ‘வேண்டாம்’ என்றும் சொல்ல மாட்டார். சட்டை போடும்போது வராத கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று சொல்வார். மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்வார். “நீ ஒண்ணும் தப்புப் பண்ணலம்மா” என்பதை அவர் சொன்னால்தான் காதில் ஏறும்.

2. மாதத்தில் ஒரு நாள், ஒரே நாள்

2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. எனும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டம் பிறவிக் குறைகள் என்று ஒன்பதைப் பெயர் சொல்கிறது. பிளவுபட்ட உதடு இருக்கிறது, வளைந்த பாதம் இருக்கிறது. எங்களுடையது இல்லை. பிறவிக் குறை என்று சேர்க்க முடியாது, இது காயம். காயம் என்று சேர்க்க விபத்துப் பிரிவும் இல்லை. அதனால் அத்திட்டத்தின் மாவட்ட இடையீட்டு மையத்துக்கு எங்கள் பிள்ளைகள் வந்தாலும், ஆளுக்கொரு நாள், ஆளுக்கொரு நேரம் என்று வந்து போகிறார்கள். ஒருவர் இறங்கும் படியில் இன்னொருவர் ஏறுகிறார்.

கை நரம்பு காயமுள்ள பிள்ளைகள் அனைவருக்கும் மாதத்தில் ஒரே நாளில் முறை ஒதுக்குங்கள். கட்டடமும் பணியாளரும் ஏற்கனவே இருக்கிறார்கள். புதிதாக வேண்டியது காத்திருக்க ஓர் அறையும் வெந்நீரும்தான். இரண்டு வயதுப் பிள்ளையின் அம்மா எட்டு வயதுப் பையன் பேட் பிடிப்பதை அங்கே பார்க்கட்டும். மற்றதை அவர்களே பேசிக்கொள்வார்கள்.

3. வலது கை

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். கருவில் குழந்தை கிடக்கும் வாக்கினால் இந்தக் காயம் இடதைவிட வலது கையில்தான் கூடுதலாக நேர்கிறது. வலது கையால் சாப்பிட்டு, வலது கையால் கொடுத்து வாங்கி, வலது கையை ஏந்தித் திருநீறு பெறும் ஊரில் அது என்ன பாடு என்று எந்த மருத்துவப் புத்தகமும் எழுதாது. பந்தியில் உட்கார்ந்து இடது கையை இலையில் வைத்ததும் எதிர்வரிசை நிமிர்ந்து பார்க்கும். பரிமாற வந்தவர் “சோத்துக் கையால சாப்பிடுப்பா” என்பார். மொய்க் கவரை இடது கையால் நீட்டினால் வாங்குகிறவர் முகம் மாறும். பலர் பந்திக்குப் போவதையே விட்டுவிட்டோம். வீட்டுக்கு வந்து சாப்பிடுவது பழகிவிட்டது. பள்ளியில், காலைப் பிரார்த்தனையில் கை பாதி உயரத்தில் நின்றுவிட, “ஒழுங்கா தூக்கு” என்று குச்சியால் முட்டியைத் தட்டியவர்கள் உண்டு. பெண்பார்க்க வருகிற நாளில் தட்டை எப்படிப் பிடிக்க வேண்டும், முந்தானையை எந்தப் பக்கம் விட வேண்டும் என்று ஒத்திகை பார்த்த வீடுகள் உண்டு.

மறைப்பது எங்களுக்குக் கைவந்த கலை. 1859இல் பிறந்து பின்னாளில் ஜெர்மனியின் பேரரசரான இரண்டாம் வில்ஹெல்முக்கும் இதே காயம், இடது கையில். படங்களில் அந்தக் கை வாளின் பிடி மேல் சாய்ந்திருக்கும், அல்லது கையுறையைப் பற்றியிருக்கும். சிறு வயதில் அவர் கையை அப்போதுதான் அறுத்த முயலின் உடலுக்குள் வைத்துக் கட்டினார்கள், மின்சாரம் பாய்ச்சினார்கள். மருத்துவர்கள் பட்டாளமே இருந்தது. இதே கையுள்ள ஒருவரை மட்டும் அவருக்கு யாரும் கூட்டி வந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் கோரிக்கை: ஆறாம் வகுப்புக்கு மேலுள்ள எங்கள் பிள்ளைகள், இதே காயத்தோடு வளர்ந்த பெரியவர் ஒருவரை ஆண்டுக்கு இருமுறையாவது சந்திக்க வட்டார வளமையம் ஏற்பாடு செய்ய வேண்டும். பெற்றோர் சம்மதமும் பொறுப்பாசிரியர் உடனிருப்பதும் கட்டாயம். ஒரு கையால் தலைமுடியைச் சுருட்டிக் கிளிப் போடுவது, டவுன் பஸ்ஸில் எந்தப் பக்கம் நின்றால் கம்பி எட்டும், நோட்டை எந்தச் சாய்வில் வைத்து எழுதுவது, கேலி செய்தவனிடம் என்ன சொல்வது: இதையெல்லாம் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தர முடியாது, சொல்லித்தர வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. உடற்கல்வி ஆசிரியர்களுக்கு இந்தக் காயத்தைப் பற்றி எங்களில் ஒருவரே வந்து பேச அனுமதியுங்கள். அரை மணி நேரம் போதும்.

4. நாற்பது சதவீதம் எங்கள் வாசலில் வேண்டாம்

வேலை ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதக் குறைபாடு என்ற கோட்டைச் சட்டமே போட்டிருக்கிறது. அதை இங்கே வாதாடவில்லை. எங்களில் பலருக்கு 30, 35 என்று சான்று வருகிறது. சந்திப்பதற்கும் பேசுவதற்கும் அந்தக் கோடு எதற்கு? விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், தேர்வு எழுத உதவியாளர் பெற 40 சதவீதம் முன்நிபந்தனை ஆகாது என்று தீர்ப்பளித்தது. அதையொட்டி 2022 ஆகஸ்டில் ஒன்றிய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. எழுதச் சிரமப்படுபவருக்கு மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் உண்டு. இது எத்தனை தலைமையாசிரியர்களுக்குத் தெரியும் என்று கேட்க மாட்டோம். எங்களிலேயே பலருக்குத் தெரியாது என்பதுதான் கவலை. முன்பு விண்ணப்பித்த மாணவி அடுத்த மாணவிக்குப் படிவத்தைக் காட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

5. பெரியவர்களையும் சேருங்கள்

பதினெட்டு வயதோடு குழந்தைகள் பிரிவு எங்களை வழியனுப்பிவிடுகிறது. கை கூடவே வருகிறது. எல்லா வேலையும் செய்து தேய்ந்த நல்ல கைக்கு வலி தொடங்குவதும், தோள் மூட்டு இறுகுவதும், கழுத்து பிடித்துக்கொள்வதும் அதற்குப் பிறகுதான். கைக்குழந்தையை எந்த இடுப்பில் தூக்குவது, எப்படிப் படுத்துப் பால் கொடுப்பது என்று தவிக்கும் தாய்மார்கள் எங்களில் இருக்கிறார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெரியவர்களுக்கான கூடுகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமையில் வையுங்கள், கூலி வேலைக்குப் போகிறவர்களும் வர முடியும்.

6. துணைக்கு வருபவருக்குப் பயணப்படியும் வரம்பும்

வழிகாட்ட வருகிறவரை ‘சேவை மனப்பான்மை’ என்று பாராட்டிவிட்டுப் பஸ் காசைக்கூட அவரே போட்டுக்கொள்ளும்படி விடாதீர்கள். பயணச் செலவு, அன்றைய நாளுக்கு மதிப்பூதியம், தொடக்கத்தில் ஒரு குறுகிய பயிற்சி, மனம் தளர்ந்தால் அவரே பேச ஓர் ஆலோசகர் என இவ்வளவும் வேண்டும். பதிலுக்கு நாங்கள் சில வரம்புகளை ஏற்கிறோம். சிகிச்சை பற்றித் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். எந்த மருத்துவமனைக்கும் ஆள் பிடிக்க மாட்டோம். தைலம், பட்டை, அதிசய சிகிச்சை விற்பவர் யாரும் கூடுகைக்குள் வரக் கூடாது. யாருடைய பெயரும் எண்ணும் படமும் அவர் எழுத்துச் சம்மதமின்றி வெளியே போகக் கூடாது. குழந்தைகளின் படம் சம்மதம் இருந்தாலும் போகக் கூடாது. யார் மீது தவறு, யார் இழுத்தார்கள் என்ற வழக்கு விவகாரங்களுக்கும் இந்த அறை இடமல்ல. அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. இதை இங்கே எழுதக் காரணம், வழக்கு வரும் என்ற பயத்தினாலேயே சில மருத்துவமனைகள் எங்களைச் சேரவிடத் தயங்கக்கூடும் என்பதுதான்.

இந்த ஆறில் இரண்டாவதைத் தொடங்க அரசாணைகூடத் தேவையில்லை. மாவட்ட இடையீட்டு மையத்தின் பொறுப்பாளர் வருகைப் பட்டியலைத் திருத்தினால் போதும். மற்றவற்றுக்கு மூன்று துறைகளும் சேர்ந்த ஒரு சுற்றறிக்கை வேண்டும். அதன் வரைவைத் தயாரிக்கும் குழுவில் இந்தக் காயத்தோடு வாழும் இருவரும், ஒரு தாயும் இடம்பெற வேண்டும். சாசனம் கிடைத்த 90 நாளுக்குள், எந்த மாவட்டத்தில் முதலில் தொடங்கப்போகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். தொடக்க விழாவும் பொன்னாடையும் தேவையில்லை.