எடை மட்டும் பார்த்தால் போதுமா?



வளரும் நம் பிள்ளைகளின் உடம்பைப் பற்றி இரண்டு பொய்கள் உலவுகின்றன. பிள்ளை ஒல்லியாயிருந்தால், "அவன் உடல்வாகு அப்படி" என்று நாமே சொல்லிக்கொள்கிறோம். பருமனாயிருந்தால், "சோம்பேறி, தின்று கொழுத்தவன்" என்று மேலிடத்தார் ஏசுகிறார்கள். முதல் பொய் நம்மை உறங்க வைக்கிறது. இரண்டாவது பொய் பழியைப் பிள்ளையின் தலையில் போடுகிறது. இரண்டையும் ஒழித்தாக வேண்டும்!

பால் கொட்டகையில் நடப்பதை எண்ணிப் பாருங்கள். வாளியின் எடையை மட்டும் கண்டு கிராணி கணக்கெழுதுவதில்லை. மெட்ரோலாக்கைப் பாலில் விட்டு, உலர்ந்த ரப்பர் எவ்வளவு தேறும் என்று பார்க்கிறார். தண்ணீர் கலந்தால் எடை ஏறும், ரப்பர் ஏறுமா? உடம்பும் அப்படித்தான். ஐம்பது கிலோ எடையுள்ள இரு பிள்ளைகளில் ஒருவனுக்குத் தசை மிகுந்திருக்கும். மற்றவனுக்குக் கொழுப்பு மிகுந்திருக்கும். தராசுக்கு இருவரும் ஒன்றே. எடையை உயரத்தோடு சேர்த்துக் கணக்கிடும் உடல் நிறை எண்ணும் தசை வேறு, கொழுப்பு வேறு என்று பிரித்துக் காட்டாது. அதிலும் இந்திய வம்சத்தாருக்கு, அதே எண்ணுள்ள ஐரோப்பியரைவிடக் கொழுப்பு அதிகம் என்று மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆகவே ஒல்லிப் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்று இருந்துவிட முடியாது. 2019-ல் மலேசியாவில் நடந்த தேசிய சுகாதார ஆய்வில், இந்தியப் பெரியவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு மூவர் நீரிழிவுக்காரர். இந்த நோய்க்கு விதை இளமையிலேயே விழுகிறது.

பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை உடம்பு கட்டி எழும்பும் காலம். எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தசைக்குப் புரதம் வேண்டும். மாதவிலக்கு தொடங்கிய பெண் பிள்ளைக்கு இரும்புச் சத்து இன்னும் கூடுதலாக வேண்டும். கிடைப்பது என்ன? பெற்றோர் விடியுமுன் நிரைக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைக்கு டின் பால் கலந்த தேத்தண்ணீரும் இரண்டு பிஸ்கோத்தும்! அந்த டின்னில் ஏறக்குறையப் பாதி சர்க்கரை!

"நாங்கள் கஞ்சி குடித்து வளரவில்லையா?" என்று கேட்பார்கள் சிலர். வளர்ந்தீர்கள். ஆனால் அன்று நடந்தீர்கள், ஓடினீர்கள், விறகு சுமந்தீர்கள். இன்று பிள்ளை பஸ்ஸில் போய், நாற்காலியில் உட்கார்ந்து, பஸ்ஸில் திரும்புகிறான். நாள்தோறும் 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது 2020-ல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த நெறி. எங்கே இயங்குவது? திடலில் லாலான் மண்டிக் கிடக்கிறதே!

சோறிருந்து ஓட்டமில்லையென்றால் கொழுப்பு சேரும். ஓட்டமிருந்து சத்துணவில்லையென்றால் தசை தேயும். ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை மறுப்பது பாதிக் கூலி கொடுப்பது போன்றது.

அரசாங்கத்தையும் கேட்கிறோம். 1979-ல் தொடங்கிய துணை உணவுத் திட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு உதவியது, மறுக்கவில்லை. ஆனால் அது தொடக்கப் பள்ளிக்கென வகுத்த திட்டம். பன்னிரண்டு வயதில் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் ஏழைப் பிள்ளையின் தட்டு காலியாகிறது. உடம்பு அதிகம் கேட்கும் வயதில் தட்டைப் பறிப்பது என்ன நியாயம்? 2019 ஜூலை முதல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு அந்தத் தட்டுக்கு வரட்டும்!

நிர்வாகம் திடலைச் செப்பனிடட்டும். பையன்களுக்குப் பந்து கொடுத்தால், பெண்களுக்கும் கொடுக்கட்டும்.

நம் வீட்டிலும் வேலை இருக்கிறது. முட்டை, நெத்திலி, பருப்பு, தெம்பே, கொல்லையில் முருங்கைக்கீரை: இவை பணக்காரர் உணவல்ல. அண்ணனுக்கு வைக்கும் முட்டையைத் தங்கைக்கும் வையுங்கள்.

அடுத்த கிளைக் கூட்டத்தில் கூலிக் கோரிக்கையோடு இதையும் எழுதுங்கள்: இடைநிலைப் பள்ளியில் காலை உணவு, தோட்டத்தில் திடல். கேட்காதவனுக்கு எதுவும் கிடைத்ததில்லை. கேட்போம், ஒன்றுபட்டுக் கேட்போம்!